யார் சும்மா பார்த்துக்கொண்டிருந்தது?

கேள்வி: முன்பெல்லாம் மக்கள் சும்மா பார்த்துக்கொண்டிருந்தார்கள். இன்று கைப்பேசி வைத்திருக்கும் ஒவ்வொருவரும் படைப்பாளி. எங்கள் தோட்டத்துப் பெரியவர்களின் பேச்சைக்கூடப் பிள்ளைகள் டிக்டாக்கில் போடுகிறார்கள். இனிப் பத்திரிகை எதற்கு?
– வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: யார் சகோதரி சும்மா பார்த்துக்கொண்டிருந்தது? தமிழ் முரசின் மாணவர் மணிமன்றத்துக்குக் கதையும் கவிதையும் எழுதி அனுப்பிய பிள்ளைகள் சும்மாவா இருந்தார்கள்? நேயர் விருப்பம் கேட்டு வானொலிக்கு அஞ்சலட்டை போட்டவர்கள்? 2005இல் நம் மலேசியாவின் முத்து நெடுமாறன் உருவாக்கிய செல்லினம் என்ற செயலி வந்தபோது, கைப்பேசியில் தமிழிலேயே குறுஞ்செய்தி தட்டியவர்கள்? லயத்து (தோட்டத்து வரிசை வீடுகளின்) மக்களுக்குச் சொல்ல எப்போதும் சேதி இருந்தது. அன்று அது அச்சேற வாரக்கணக்கில் காத்திருந்தது, இன்று நொடியில் ஏறுகிறது.

ஏறுவது காதில் விழுகிறதா என்பதுதான் என் சண்டை. இந்தப் பக்கத்தில் பலமுறை போட்ட சண்டை, இன்னும் போடுவேன். பெரட்டுக் களம், ஆயாக்கொட்டகை, ஒட்டுப்பால் என்று பழைய ரப்பர் தோட்டத்து வாழ்க்கையை ஒரு பாட்டி சொல்லச் சொல்ல, மேலே விசிறி இரைகிறது; தகரக் கூரையில் மழை. ஆறடி தள்ளி நின்று எடுத்தால் அவர் குரல் அதற்குள் அமுங்கிப்போகும். விசிறியை நிறுத்துங்கள். மழை விடும்வரை காத்திருங்கள். இன்னொரு கைப்பேசியில் ஒலிப்பதிவை ஓடவிட்டு, பாட்டிக்கு ஒரு முழத் தூரத்தில், மடித்த துண்டின்மேல், அடிப்பக்கம் அவரைப் பார்க்க வையுங்கள். பெரும்பாலான கைப்பேசிகளில் மைக் அங்கேதான். இரண்டும் ஓடும்போது ஒருமுறை பலமாகக் கைதட்டினால், தொகுக்கும்போது அந்த ஓசையை வைத்துப் படத்தையும் குரலையும் பொருத்திவிடலாம். விமானப் பயன்முறையைப் போட மறந்தால், நல்ல இடத்தில் ஓர் அழைப்பு வந்து பதிவை அறுத்துவிடும். உறுமி மேளத்துக்கு இதே முறை ஆகாது. பக்கத்தில் வைத்தால் ஒலி உடைந்துவிடும், உடைந்த ஒலியை எந்தச் செயலியும் முழுதாக மீட்காது. தள்ளி நில்லுங்கள்.

பேச்சுக்கு அடியில் சினிமாப் பாட்டு வேண்டவே வேண்டாம். யூடியூப் 2007 முதல் உரிமையுள்ள இசையைத் தானே கண்டுபிடிக்கிறது. உரிமையாளர் நினைத்தால் காணொலியை முடக்கலாம், விளம்பர வருமானத்தை எடுத்துக்கொள்ளலாம். பாட்டியின் பேச்சும் சேர்ந்து முடங்கும்.

முதல் பத்து நொடிக்குள் பெயர், தோட்டம், டிவிஷன் (தோட்டத்தின் பிரிவு), பதிவு செய்த தேதி எல்லாம் அவர் சம்மதத்தோடு வாயால் சொல்லப்பட வேண்டும். புலனத்தில் (வாட்ஸ்அப்) சாதாரணக் காணொலியாக அனுப்பினால் தரமும் குறையும், எடுத்த நாளும் இடமும் கழன்றுவிடும், ஆவணமாக அனுப்புங்கள். 1080பி தரத்தில் ஒரு நிமிடம் ஏறக்குறைய 60 முதல் 130 எம்பி. ஒரு மணி நேரப் பேச்சு 4 முதல் 8 ஜிபி. அதை இரண்டு இடத்தில் வையுங்கள்.

பின்னூட்டங்களை நான் பெரிதாக மதிக்கிறேன். கிள்ளானுக்கும் ஜொகூர் பாருவுக்கும் போய்விட்டவர்கள் பழைய படத்தைப் பார்த்து, “இடது ஓரத்தில் நிற்பது எங்கள் தண்டல்” என்று தங்கள் வேலை மேற்பார்வையாளரை அடையாளம் காட்டி எழுதுவது வேறெங்கும் கிடைக்காத தகவல். ஆனால் கணக்கு மூடப்பட்டால் அதுவும் போய்விடும். அன்றைக்கே ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். மறுப்புச் சொன்னவர் இருந்தால் அவர் சொன்னதையும் சேர்த்து.

பத்திரிகை எதற்கு என்றீர்கள். 1986ஆம் ஆண்டுச் சட்டப்படி, இங்கே அச்சாகும் வெளியீட்டின் ஐந்து பிரதிகள் தேசிய நூலகத்துக்குப் போக வேண்டும். கணக்கு மூடப்பட்டாலும் அச்சேறியது அங்கே இருக்கும். அந்த நோட்டை எங்களுக்கு அனுப்புங்கள். போடுகிறேன், பெயரோடு.