பிழிந்த சக்கையை எங்கே போடுவது? ஆச்சியிடம் கேளுங்கள்

பழம் பிழிந்த சக்கையைப் பற்றிக் கேளுங்கள் என்று சொல்லி இரண்டு நாள்தான் ஆகிறது, கேள்விகள் குவிந்துவிட்டன. ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்துப் பதில் சொல்கிறேன்.

காரைக்குடியில் ஜூஸ் கடை வைத்திருக்கிறேன் ஆச்சி. தினமும் பத்து கிலோ சக்கை குப்பைக்குப் போகிறது. மாட்டுக்குக் கொடுக்கலாமா?

கொடுக்கலாம் தம்பி, ஆனால் அன்று பிழிந்தது அன்றே போக வேண்டும். நம் ஊர் வெயிலுக்குக் காலையில் பிழிந்தது சாயங்காலமே புளித்து நுரை கட்டிவிடும், அதை மாடு வயிறு முட்டத் தின்றால் உப்பிக்கொண்டு அசை போடாமல் படுத்துவிடும். வைக்கோல்தான் முதல் தீனி. சக்கையைத் தவிட்டோடு பிசைந்து முதல் நாள் இரண்டு கைப்பிடி வையுங்கள், ஒத்துக்கொண்டால் மெல்லக் கூட்டலாம். பிரேசிலில் ஆரஞ்சுச் சாறு ஆலைகளின் சக்கையைக் காயவைத்துத் தீவனமாகவே விற்கிறார்கள். அங்கேயும் ஈரத்தைப் போக்குவதுதான் சூட்சுமம். அப்புறம், ஸ்ட்ராவும் பாலிதீன் பையும் அந்த வாளியில் விழவே கூடாது, கெஞ்சிக் கேட்கிறேன்.

தேவகோட்டையிலிருந்து. விசேஷத்துக்கு சர்பத் போட்டு நூறு எலுமிச்சை மூடி மிச்சம்.

விதையை எடுத்துவிட்டு, நறுக்கி, கல் உப்பும் மஞ்சள்தூளும் போட்டு ஜாடியில் குலுக்கி வையுங்கள். தினமும் ஒரு தடவை குலுக்க வேண்டும். நாலைந்து நாளில் தோல் மெத்தென்று ஆனதும் மொட்டை மாடியில் காயவைத்து, மறுபடி அந்த உப்புத் தண்ணீரிலேயே போட்டு, மறுபடி காயவைத்து, தண்ணீர் வற்றும்வரை இப்படியே. கஞ்சிக்கும் மோர் சோற்றுக்கும் வருடம் முழுக்க வரும். சாறு போனதால் கசப்பு கொஞ்சம் தூக்கலாக இருக்கும், எனக்கு அதுதான் பிடிக்கும்.

நாலைந்து மூடியைப் பித்தளைக்கு ஒதுக்குங்கள். மூடியில் உப்பைத் தொட்டுத் தேய்த்தால் அண்டா பளிச்சென்று ஆகும். குழம்புக்குப் புளி கரைத்த சக்கையும் அதே வேலை செய்யும், கறுப்பைக் கரைப்பது புளிப்புதான். தேய்த்த கையோடு கழுவி ஈரம் போகத் துடைக்கவில்லை என்றால் திட்டுத் திட்டாகக் கறுத்துவிடும். ஈயம் பூசிய உள்பக்கத்தில் மட்டும் கை வைக்காதீர்கள், பூச்சு தேய்ந்து போகும்.

பள்ளத்தூர். பழத்தோலை ஊறவைத்துத் தரை துடைக்கும் தண்ணீர் செய்கிறார்களே, நல்லதா?

ஒரு பங்கு வெல்லம், மூன்று பங்கு தோல், பத்துப் பங்கு தண்ணீர், மூன்று மாதம். முதல் மாதம் தினமும் மூடியைத் திறந்து காற்றை விட வேண்டும், கண்ணாடிப் பாட்டில் வேண்டாம், வெடிக்கும். கழிவறைக்கும் சமையல் மேடைப் பிசுக்குக்கும் நன்றாக இருக்கிறது. ஆனால் ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் ஒரு சொட்டுகூடப் படக் கூடாது. அது சிமெண்ட்டும் மணலும் சாயமும் சேர்த்து வார்த்தது, புளிப்பு பட்டால் சிமெண்ட்டை அரித்துவிடும். பிழிந்த எலுமிச்சைக் கூடையை ஒரு ராத்திரி வளவில், அதாவது வீட்டு உள்முற்றத்தில், அந்தக் கல்லின் மேல் வைத்துவிட்டேன். காலையில் எடுத்துப் பார்த்தால் கல்லில் உள்ள சிவப்புப் பூவின் நடுவில் கூடையின் அடிப்பாகம் அப்படியே வெளுத்து வட்டமாகத் தெரிகிறது. எத்தனை முறை தேங்காயெண்ணெய் போட்டுத் துடைத்தும் அந்த வட்டம் போகவில்லை, பார்க்கும்போதெல்லாம் மனது கஷ்டப்படுகிறது.

கானாடுகாத்தான். பிள்ளைகளுக்கு ஆப்பிள், கேரட் ஜூஸ் போடுகிறேன். சக்கையைச் சமைக்கலாமா?

தாராளமாக. ஆப்பிளை வெட்டும்போதே விதையை எடுத்துவிடுங்கள். ஆப்பிள் சக்கையை வெல்லப் பணியார மாவில் கலந்தால் மெத்தென்று வரும், ஒரு கிண்ணம் மாவுக்கு இரண்டு கரண்டிக்கு மேல் போனால் சட்டியில் ஒட்டும். கேரட் சக்கை அடைக்கும் வடைக்கும். ஆனால் நார்ச்சத்தெல்லாம் சக்கையில் நின்றுவிடுகிறதே, பிள்ளைகளுக்குப் பழத்தை அப்படியே கடிக்கக் கொடுத்தால் இன்னும் நல்லது.

திருப்பத்தூர். மல்லிகைச் செடிக்கு நேராகப் போடலாமா ஆச்சி?

வேண்டாம்மா. வேரடியில் புளித்துச் சூடு ஏறும், எறும்பு மொய்க்கும். நம் செம்மண்ணுக்கு மக்கிய உரம்தான் வேண்டும். ஒரு கூடை சக்கைக்கு மூன்று கூடை காய்ந்த சருகு, நடுவில் ஒரு கை பழைய சாணம், வாரம் ஒரு முறை கிளறல். புளித்த வாடை வந்தால் ஈரம் அதிகம், இன்னும் சருகு போடுங்கள். மண்புழுத் தொட்டி என்றால் எலுமிச்சை, ஆரஞ்சுத் தோலைத் தள்ளி வையுங்கள், புழு அந்தப் பக்கமே வராது.