மெசின் பிழையா, வயரிங் பிழையா, லைன் பிழையா?

கேள்வி: கொக்குவிலில் சிறிய விருந்தினர் விடுதி நடத்துகிறேன். நீச்சல் தடாகத் தண்ணீரைச் சூடாக்க ஹீற் பம்ப் ஒன்றைக் கொழும்புக் கடையொன்றில் வாங்கிப் பத்துக் கிழமையாகிறது. கடைக்காரர் சொன்ன வயர்மன்தான் வந்து பூட்டினார். முதல் நாளிலிருந்தே ஃபியூஸ் போகிறது. ஆறு தரம் மாற்றிய பிறகு வயர்மன் கம்பியை இரட்டையாக முறுக்கிப் போட்டார். இரண்டு நாள் ஓடியது, பிறகு போர்டில் கருகல் மணம். கடைக்காரர் "உங்கட லைன் பிழை" என்கிறார். வயர்மன் "மெசின் பிழை" என்கிறார். மின்சார சபையில் "மீற்றர் வரைக்கும் எல்லாம் சரி" என்கிறார்கள். யார்மேல் வழக்குப் போடலாம்?

பதில்: வழக்கு இருக்கட்டும், முதலில் அந்த மெசினுக்குப் போகும் மின்சாரத்தை நிறுத்துங்கள். இரட்டைக் கம்பி போட்ட ஃபியூஸ் ஃபியூஸே அல்ல. எரிய வேண்டிய கம்பி எரியாவிட்டால் சுவருக்குள் இருக்கும் வயர் எரியும். தண்ணீரோடு சம்பந்தப்பட்ட மெசின் என்பதால் கசிவு இருந்தால் தடாகத்தில் இறங்குபவருக்கே ஆபத்து. அப்படி ஒரு விருந்தினருக்கு ஏதாவது நடந்தால் கவனயீனத்துக்குப் பதில் சொல்லப்போவது நீங்கள்தான், கடைக்காரர் அல்ல.

யாழ்ப்பாணத்தில் தண்ணீரைச் சூடாக்க மெசினா என்று என் அலுவலகத்தில் ஒருவர் சிரித்தார். மார்கழியில் கிணற்றுத் தண்ணீர்தான் வெதுவெதுப்பாக இருக்கும், இரவு முழுக்கப் பனியில் திறந்து கிடந்த தடாகத்துத் தண்ணீர் அப்படி இராது. சரி, விஷயத்துக்கு வருவோம்.

யார்மேல் வழக்கு என்பதை நான் சொல்ல முடியாது. ஃபியூஸ்தான் சொல்ல வேண்டும். அது எப்போது போகிறது என்று கவனித்தீர்களா? சுவிட்சைப் போட்ட நொடியிலேயே போனால் எங்கோ ஷோர்ட், அல்லது மெசினுக்குள் ஓடும் கொம்பிறசர் மோட்டரின் சுருள் எர்த்தோடு முட்டுகிறது. கொம்பிறசர் உறுமித் தொடங்கும்போது போனால் வேறு கதை. ஓடும்போது 10 அம்பியர் எடுக்கும் மெசின் தொடங்கும் கணத்தில் அதைப்போல நாலைந்து மடங்கு இழுக்கக்கூடும். ஃபியூஸ் அதற்கு ஏற்றதாக இல்லையோ, மோட்டர் தொடங்க உதவும் கப்பாசிற்றர் பலவீனமோ என்று பார்க்க வேண்டும். கால் மணி நேரம் ஓடிவிட்டுப் போனால் மெல்லிய வயர், இறுகாத முனை, அல்லது வோல்ற்றேஜ் குறைவு. மோட்டருக்கு வோல்ற்றேஜ் குறைந்தால் கரண்ட் கூடும் என்பதைப் பலர் யோசிப்பதில்லை.

இதில் முதலாவது பெரும்பாலும் கடைக்காரர் பக்கம். மூன்றாவது வயர்மன் பக்கம், அல்லது மின்சார சபை பக்கம். நடுவில் உள்ளதுதான் சண்டை. ஆகவே இவர்கள் இருவருக்கும் வேண்டியவரல்லாத ஒரு பட்டய மின் பொறியியலாளரைக் கூப்பிட்டு எழுத்தில் அறிக்கை வாங்குங்கள். மெகர் என்ற கருவி வைத்துப் பார்த்த காப்புத் தடை (மின் கசிகிறதா என்று காட்டுவது அது), ஓடும்போது எடுக்கும் அம்பியர், அந்த நேரம் மெசினின் முனையில் வோல்ற்றேஜ், வயரின் தடிப்பு, மெசினோடு வந்த புத்தகம் கேட்கும் ஃபியூஸ் அளவு, எல்லாம் அதில் இருக்க வேண்டும். நம் நாட்டில் விநியோகம் 230 வோல்ற், கூடவோ குறையவோ 6 வீதம். அதாவது 216க்குக் கீழே போகக்கூடாது. பின்னேரங்களில் அதற்குக் கீழே இறங்குகிறது என்று அறிக்கை சொன்னால் மின்சார சபையின் பிரதேசப் பொறியியலாளருக்கு எழுதுங்கள். அங்கே சரிவராவிட்டால் மின் விநியோகத்தை மேற்பார்க்கும் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு இருக்கிறது. நிபுணர் கருத்தைச் சாட்சியக் கட்டளைச் சட்டத்தின் 45ஆம் பிரிவு ஏற்கிறது. வயர்மனின் வாய்ப்பேச்சுக்கு அந்தப் பலம் கிடையாது.

இனி உங்கள் கையிலுள்ள மிக நல்ல துருப்பு. கடிதத்தோடு அனுப்பிய வைபர் படத்தைப் பார்த்தேன். வாங்குவதற்கு நாலு நாள் முதல் மீற்றர் போர்டைப் படமெடுத்து, "எங்கட தடாகத்துக்கு இந்த லைன் காணுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். கடைக்காரர் "இது போதும் அக்கா, பயப்படாதேங்கோ" என்று எழுதியிருக்கிறார். 1896ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கப் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டத்தின் 15ஆம் பிரிவு கேட்பது இதைத்தான். என்ன தேவைக்கு என்று வாங்குபவர் தெரியப்படுத்தி, விற்பவரின் அறிவை நம்பி வாங்கினால், பொருள் அந்தத் தேவைக்குத் தகுதியாக இருக்க வேண்டும் என்பது விற்பனையின் உள்ளார்ந்த நிபந்தனை, அதாவது எழுதாவிட்டாலும் இருப்பதாகக் கொள்ளப்படுவது. மெசின் பழுதில்லை, அந்த லைனுக்கு அது பெரிது என்று அறிக்கை வந்தால்கூட இந்தச் செய்தி உங்களைக் காப்பாற்றக்கூடும். ஒரு சிக்கல் மட்டும் உண்டு: நீங்களே ஒரு பிராண்டின் பெயரைச் சொல்லிக் கேட்டு வாங்கியிருந்தால் இந்த வாதம் மெலியும். அதை எனக்கு மறைக்காமல் எழுதுங்கள். வைபர் செய்தி சாட்சியமாகுமா என்று பயப்பட வேண்டாம், 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல் சட்டம் அதற்கு வழி விட்டிருக்கிறது. ஃபோனை மாற்றாதீர்கள், அழிக்காதீர்கள்.

வயர்மனுக்குக் காசு யார் கொடுத்தது? பூட்டும் கூலி கடையின் பில்லிலேயே இருந்தால் உங்களுக்கு எதிராளி ஒருவர்தான். நீங்கள் கையில் கொடுத்திருந்தால் அது தனி ஒப்பந்தம். இரட்டைக் கம்பி விஷயத்தில் அவர் தப்ப முடியாது, ஆனால் கடைக்காரரும் அதையே பிடித்துக்கொண்டு "வரண்டி போச்சு" என்பார். அதனால்தான் கம்பி இரட்டையாவதற்கு முன்னரே ஆறு தரம் ஃபியூஸ் போனதை நிரூபிப்பது முக்கியம். ஃபியூஸ் வாங்கிய பற்றுச்சீட்டு, கடைக்காரருக்கு எடுத்த அழைப்புகளின் திகதி, எல்லாவற்றையும் சேருங்கள்.

அவசரம் ஒன்றில்தான். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு முறைப்பாட்டை விற்பனை நடந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். பத்துக் கிழமை போய்விட்டது. அறிக்கைக்குக் காத்திராமல் இந்தக் கிழமையே கொடுங்கள், அறிக்கையைப் பிறகு சேர்க்கலாம். எங்கே கொடுப்பது என்று 1977க்கு அழைத்துக் கேட்கலாம். நீதிமன்றத்துக்கு அவ்வளவு அவசரமில்லை. எழுத்து ஒப்பந்தத்துக்கு 6 வருடம், எழுதாததற்கு 3 வருடம். தொகை மத்தியஸ்த சபையின் வரம்புக்குள் வந்தால் முதலில் அங்கே போக வேண்டியிருக்கும். பொருள் வந்து சேர்ந்ததும் பழுதானதும் இங்கே என்பதால், வழக்கை யாழ்ப்பாண மாவட்ட நீதிமன்றத்தில் போடவே நான் பார்ப்பேன்.

அந்தக் கருகிய கம்பித் துண்டை எறிந்துவிடவில்லையே? ஒரு கடித உறையில் போட்டு, மேலே திகதியும் கழற்றியவரின் பெயரும் எழுதி வையுங்கள்.