குழந்தை மூளையை எம்.ஆர்.ஐ.யில் ஆராய ஆசைப்படும் மகள்: பெருந்துறைத் தாய்க்குப் பதில்

வணக்கங்க அம்மா. உங்கள் மகள் பதினொன்றாம் வகுப்பில் கணிதம்-உயிரியல் படிக்கிறாள், குழந்தைகளின் மூளை எப்படி வளர்கிறது என்று எம்.ஆர்.ஐ. மூலம் ஆராய வேண்டும் என்கிறாள், சொந்தக்காரர்களோ "ஸ்கேன் சென்டர் வேலைக்கு எதுக்கு இவ்வளவு படிப்பு" என்கிறார்கள். ஸ்கேன் எடுப்பது வேறு, எடுத்த படத்தை வைத்து ஆராய்வது வேறுங்க.

கதிர்வீச்சைப் பற்றிப் பயந்திருக்கிறீர்கள். எக்ஸ்ரே, சி.டி.யில் உள்ள கதிர்வீச்சு எம்.ஆர்.ஐ.யில் இல்லை. காந்தப்புலமும் ரேடியோ அலையும்தான். அதனால்தான் நோயில்லாத குழந்தையையும் சில ஆண்டு இடைவெளியில் திரும்பத் திரும்பப் படமெடுக்க முடிகிறது. கவனம் வேண்டியது காந்தத்தில். படம் எடுக்காத நேரத்திலும் அதன் இழுவிசை குறையாது. நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு வெள்ளி அரைஞாண், கொலுசு, தாயத்து, சட்டையில் ஓர் ஊக்கு இருக்கும். இரும்பு ஊக்கு பறந்துபோய் ஒட்டும். வெள்ளியைக் காந்தம் இழுக்காது, ஆனால் ரேடியோ அலையில் சூடேறித் தோலைச் சுடலாம். அரைஞாணைக் கழற்றச் சம்மதிக்காத அம்மிச்சியிடம் பொறுமையாக எடுத்துச் சொல்வதும் இந்த வேலையில் சேர்ந்ததுதான்.

ஆராய்ச்சியில் பெரிய தலைவலி, அசைவு. 1 மி.மீ. நுணுக்கத்தில் முழு மூளையைப் படமெடுக்கப் பொதுவாக 5 நிமிடம் போல ஆகும். கைக்குழந்தைக்குப் பால் கொடுத்து, துணியில் சுற்றி, காதைப் பாதுகாத்து, தூங்கும்போது எடுப்பார்கள். பெரிய பிள்ளைகளைக் காந்தமில்லாத மாதிரி ஸ்கேனரில் படுக்கவைத்துப் பழக்குவார்கள். அப்படியும் அசைவார்கள். அசைந்தால் படம் மங்குவதோடு நிற்காது. மூளையின் வெளி அடுக்கான புறணி, இருப்பதைவிட மெல்லியதாக அளவாகிவிடும். சின்னப் பிள்ளைகள் அதிகம் அசைவதால், அசைவால் வந்த வித்தியாசத்தை வயதால் வந்தது என்று எழுதிவிட நேரும். மூளையில் தொலைவாக உள்ள பகுதிகளின் இணைப்பு வயது ஏற ஏற வலுப்படுகிறது என்ற முடிவுகளில் ஒரு பங்கு தலையசைவால் வந்ததே என்று 2012-இல் வெளியான ஆய்வுகள் காட்டின.

இன்னொரு சிக்கல் மயலின், அதாவது நரம்பிழைகளைச் சுற்றிக் குழந்தை வளர வளர உருவாகும் கொழுப்பு உறை. பிறந்த குழந்தையின் டி1 என்ற வகை எம்.ஆர்.ஐ. படத்தில் வெண்பொருள் (நரம்பிழைகள் உள்ள பகுதி), சாம்பல்பொருளைவிட (நரம்பு செல்கள் உள்ள பகுதி) கறுப்பாகத் தெரியும். பெரியவர்களுக்கு நேரெதிர். இடையில் 6 மாத வாக்கில் இரண்டும் ஏறக்குறைய ஒரே நிறமாகிவிட, பெரியவர்களுக்காக எழுதிய மென்பொருள் எல்லை பிரிக்க முடியாமல் தடுமாறும். இதற்கு வழி காண்பது முழுக்கக் கணிதமும் நிரலும்தான்.

ஆகவே, நீட்டுக்காகக் கணிதத்தைக் கைவிட வேண்டாம். எல்லா வழிகளுக்கும் அவள் எடுத்த பிரிவு பொருந்தும்.

படமெடுப்பதே பிடித்தால் பி.எஸ்சி. ரேடியோகிராஃபி அண்ட் இமேஜிங் டெக்னாலஜி: 3 ஆண்டுப் படிப்பு, 1 ஆண்டுப் பயிற்சி. கோவை, ஈரோடு, சேலத்திலேயே வேலை தேடலாம். படத்தைப் பார்த்து நோயறிய எம்.பி.பி.எஸ்., பிறகு 3 ஆண்டு எம்.டி. ரேடியோ டயக்னோசிஸ். அவள் கேட்கும் ஆராய்ச்சிக்கோ பயோமெடிக்கல் அல்லது கம்ப்யூட்டர் சயின்ஸ் பி.இ.தான் என் பரிந்துரை. பி.எஸ்சி. இயற்பியலும் நல்லதே. அதன்பின் பாரதியார் பல்கலைக்கழகத்தில் எம்.எஸ்சி. மெடிக்கல் பிசிக்ஸ் இருக்கிறது, ஆனால் அந்தப் படிப்பு முடித்தவர்கள் பெரும்பாலும் புற்றுநோய்க் கதிர்சிகிச்சைப் பக்கம் போய்விடுகிறார்கள். அதை யோசித்துச் சேருங்கள்.

ஒன்றை ஒளிக்காமல் சொல்கிறேன். இந்த ஆராய்ச்சிக்கு வீட்டை விட்டு வெளியூர் போக வேண்டிவரும். பெங்களூரில் உள்ள மனநல, நரம்பியல் நிறுவனமான நிம்ஹான்ஸ், மானேசரில் உள்ள தேசிய மூளை ஆராய்ச்சி மையம், திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரைத் திருநாள் மருத்துவ நிறுவனம் போன்ற இடங்கள்தான். முனைவர் பட்டம் வரை போனால் பி.இ.க்கு 4 ஆண்டு, அதற்குமேல் சுமார் 5 ஆண்டு. நெட் அல்லது கேட் என்ற தேசியத் தேர்வில் தேறி ஜே.ஆர்.எஃப். என்ற ஆய்வு உதவித்தொகை கிடைத்தால் முதல் 2 ஆண்டு மாதம் 37,000 ரூபாய், பிறகு 42,000. வீட்டு வாடகைப்படி தனி. அந்தக் கட்டத்தில் உங்கள் கையிலிருந்து பணம் போகாது. கல்விக்கடன் வாங்குவதானால் பி.இ.க்கு மட்டும் கணக்குப் போடுங்கள்.

பெரிய விடுமுறையில் அவளே சோதித்துப் பார்க்கட்டும். ஆராய்ச்சியாளர்கள் மூளைப் படங்களைப் பொதுவில் பகிரும் ஓப்பன்நியூரோ இணையதளத்தில் 3 முதல் 12 வயது வரையிலான 122 குழந்தைகளின் மூளைப் படங்கள் இலவசமாக உள்ளன. அதில் ஒன்றை இறக்கி, ஐ.டி.கே-ஸ்னாப் என்ற இலவச மென்பொருளில் திறந்து, நினைவாற்றலுக்கு முக்கியமான ஹிப்போகாம்பஸ் என்ற மூளைப் பகுதியின் ஓரத்தை ஒவ்வொரு அடுக்காகக் கையால் வரையச் சொல்லுங்கள். ஒரு வாரம் கழித்து, முதலில் வரைந்ததைப் பார்க்காமல் மறுபடி வரைந்து இரண்டு கன அளவையும் ஒப்பிடட்டும். அளவு ஏன் மாறியது என்று கேள்வி கேட்டுக்கொண்டே மூன்றாவது முறையும் உட்கார்ந்தால், பி.இ. கலந்தாய்வில் பயோமெடிக்கலை முதல் விருப்பமாக வையுங்கள்.