அப்பாவின் மாத்திரை அட்டையில் தொடங்கிய ஆர்வம்: உயிர்வேதியியல் கேட்கும் மகளின் தாய்க்கு

தண்டையார்பேட்டையிலிருந்து எழுதியிருக்கும் அம்மாவுக்கு வணக்கம்.

மருத்துவப் படிப்புக்கு இடம் கிடைக்காத உங்கள் மகள், இன்னொரு வருடம் நீட் பயிற்சிக்குப் போக மறுத்து, பி.எஸ்சி. உயிர்வேதியியல்தான் படிப்பேன் என்று உறுதியாக நிற்பதாகவும், அதைப் படித்தால் வேலை கிடைக்குமா என்று கேட்டால் அக்கம்பக்கத்தில் யாருக்கும் சொல்லத் தெரியவில்லை என்றும் எழுதியிருந்தீர்கள். சென்ற வாரம் அவள் என்னிடம் அரை மணி நேரம் பேசினாள். வேலையைப் பற்றிச் சொல்வதற்கு முன், அவள் என்ன பேசினாள் என்பது உங்களுக்குத் தெரிய வேண்டும்.

அவளுடைய அப்பா காசநோய்க்கு ஆறு மாதம் மாத்திரை சாப்பிட்ட காலத்தில், அட்டையின் பின்புறம் இருந்த ஐசோனியாசிட் என்ற பெயரைப் படித்துவிட்டு, அது எப்படி வேலை செய்கிறது என்று தேடியிருக்கிறாள். அந்த மருந்து வாயில் போடும்போது கிருமியைக் கொல்லும் நிலையில் இருப்பதில்லை. காசநோய்க் கிருமி தன் பாதுகாப்புக்காக வைத்திருக்கும் காட்ஜி என்ற நொதியே, அதாவது வேதிவினையை விரைவுபடுத்தும் ஒரு புரதமே, உள்ளே வந்த மருந்தை வீரியமுள்ளதாக மாற்றிவிடுகிறது. அப்படி மாறிய மருந்து, கிருமியின் மெழுகுச் சுவரைக் கட்டுவதற்குத் தேவையான வேறொரு நொதியை முடக்குகிறது. 1952 முதல் பயன்பாட்டில் இருக்கும் மருந்துக்கு, அந்த நொதியை உருவாக்கும் காட்ஜி மரபணுவின் பங்கு 1992இல்தான் தெளிவானது. அந்த மரபணுவில் மாற்றம் ஏற்பட்ட கிருமிகளிடம் மருந்து செயலற்றே கிடக்கிறது. மருந்துக்குக் கட்டுப்படாத காசநோய்க்கு அது ஒரு முக்கியக் காரணம். இதைச் சொல்லிவிட்டு, "அப்படியென்றால் அப்பாவின் சளியில் இருந்த கிருமிக்கு அந்த மாற்றம் இல்லை என்று எப்படிக் கண்டுபிடித்தார்கள்?" என்று அவள் கேட்டாள். பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பிள்ளைகள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி அல்ல இது. அதைக் கண்டுபிடிக்கும் பரிசோதனைதான் பலருக்கு அன்றாட வேலையாக இருக்கிறது.

இப்படி உயிருக்குள் நடக்கும் வேதிவினைகளைப் படிப்பதுதான் அவள் கேட்கும் உயிர்வேதியியல். நொதி எப்போது விழிக்க வேண்டும், எப்போது அடங்க வேண்டும் என்பதில்தான் உடலின் பெரும்பகுதி ஒழுங்கு அடங்கியிருக்கிறது. சாப்பாட்டுப் புரதத்தைச் செரிக்கும் டிரிப்சினைக் கணையம் செயலற்ற வடிவத்தில்தான் தயாரிக்கிறது. சிறுகுடலுக்கு வந்த பிறகே அது தூண்டப்படுகிறது. முன்கூட்டியே கணையத்துக்குள் விழித்துவிட்டால், அது கணையத்தையே அரிக்கத் தொடங்கும். செல்லுக்குள் செய்தி பரவுவதும் இப்படித்தான்: கைனேஸ் என்னும் நொதிகள் ஒரு புரதத்தில் பாஸ்பேட்டை ஒட்ட, வேறு நொதிகள் அதை நீக்க, செய்தி ஓடுவதும் நிற்பதுமாக இருக்கிறது. இதைக் கண்டறிந்த எட்மண்ட் பிஷருக்கும் எட்வின் கிரெப்ஸுக்கும் 1992இல் நோபல் பரிசு கிடைத்தது. ஒருவகை ரத்தப் புற்றுநோயில் அப்படிப்பட்ட ஒரு கைனேஸ் அடங்காமல் ஓடிக்கொண்டே இருக்கிறது. அதை மட்டும் குறிவைத்து அடக்கும் இமாடினிப் மாத்திரைக்கு 2001இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. காலரா நச்சும் குடல் செல்லின் ஒரு நொதியை அணையவிடாமல் செய்வதால்தான் நோயாளியின் உடலிலிருந்து தண்ணீர் அப்படிக் கொட்டுகிறது. உங்கள் தண்டையார்பேட்டையிலேயே தொற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது. சேத்துப்பட்டில் 1956இல் தொடங்கிய காசநோய் ஆய்வு மையம் இன்று தேசிய நிறுவனமாக இருக்கிறது. வீட்டிலிருந்தபடியே மாத்திரை சாப்பிட்டுக் காசநோயிலிருந்து குணமாகலாம் என்பதை உலகத்துக்குக் காட்டிய ஆய்வு அங்கேதான் நடந்தது.

இனி வேலை. உங்களிடம் மறைக்காமல் சொல்கிறேன்: பி.எஸ்சி.யோடு நிறுத்திவிட்டால் இந்தப் படிப்பில் நல்ல சம்பளத்தை எதிர்பார்க்க முடியாது. மருந்து ஆலைகளின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் தொடக்க நிலை வேலை கிடைக்கலாம். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் டெக்னீஷியன் ஆவதற்கென்று தனிப் படிப்பு இருக்கிறது. இரண்டையும் ஒன்றென்று நினைத்துச் சேர்ந்து பிறகு வருந்தியவர்களைப் பார்த்திருக்கிறேன். அவசரமாகச் சம்பாதிக்க வேண்டிய நிலை வீட்டில் இருந்தால் டெக்னீஷியன் படிப்பே சரி, அதில் எந்தக் குறைவும் இல்லை. ஆராய்ச்சிதான் அவள் விருப்பம் என்றால், எம்.எஸ்சி., அதற்குப் பிறகு முனைவர் பட்டம் என்று இருபத்தேழு, இருபத்தெட்டு வயது வரை போகும் பாதை இது. அத்தனை வருடமும் நீங்களே செலவு செய்ய வேண்டும் என்று அஞ்ச வேண்டாம். சி.எஸ்.ஐ.ஆர். நெட் என்ற தேசியத் தேர்வில் ஜே.ஆர்.எஃப். (இளநிலை ஆய்வாளர்) தகுதி பெற்றால், முனைவர் பட்ட ஆய்வின்போது மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகை உண்டு. ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் படித்தவள் என்பதால், பட்டப்படிப்பு முடியும்வரை புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய்க்கும் விண்ணப்பிக்கலாம்.

கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது கட்டடத்தைப் பார்க்காதீர்கள், ஆய்வகத்தைப் பாருங்கள். உப்பு நீக்கிய உமிழ்நீரை இரண்டு சோதனைக் குழாய்களில் எடுத்து, ஸ்டார்ச்சும் அயோடினும் சேர்த்து, ஒன்றில் மட்டும் துளி உப்புக் கரைசல் விட்டால், அந்தக் குழாயில் கருநீலம் முந்திக்கொண்டு வெளுக்கும். உமிழ்நீரில் ஸ்டார்ச்சைச் செரிக்கும் நொதியை உப்பிலுள்ள குளோரைடு தூண்டுவதே காரணம். இதை ஒவ்வொரு மாணவியும் தன் கையால் செய்கிறாளா, அல்லது பத்துப் பேர் சுற்றி நின்று பார்க்கிறார்களா என்று அங்கே படிக்கும் பிள்ளைகளிடமே கேளுங்கள். லட்சக்கணக்கில் கடன் வாங்கி ஒரு கல்லூரியில் சேர்ந்த மாணவி ஒருத்தி, மூன்று வருடமும் இதைத் திரையில் படமாகத்தான் பார்த்ததாக என் முன்னால் அழுதாள். இந்தப் படிப்புக்காகக் கடன் வாங்க வேண்டாம் என்பதே என் கருத்து. அரசுக் கல்லூரியில் உயிர்வேதியியல் கிடைக்காவிட்டால் வேதியியல் எடுக்கட்டும். பல பல்கலைக்கழகங்களில் அதிலிருந்து எம்.எஸ்சி. உயிர்வேதியியலுக்குப் போகலாம்.

ஒன்று மட்டும் அவளிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள். இயற்பியல், கணக்குப் புத்தகங்களைப் பழைய பேப்பர்காரரிடம் போட வேண்டாம். எம்.எஸ்சி.க்கான ஜாம் தேர்வின் உயிர்த்தொழில்நுட்பத் தாளில் அவையும் வருகின்றன. நொதியின் வேகத்தை அளப்பதே கணக்குதான். கணக்கு வராது என்று என்னிடம் சொன்னாள். அந்தப் பயத்தை இந்த விடுமுறையிலேயே பார்த்துக்கொள்ளலாம்.

சனிக்கிழமை காலை அவளை அழைத்து வாருங்கள். மதிப்பெண் பட்டியலும் சாதிச் சான்றிதழும் கையில் இருந்தால், அரசுக் கல்லூரி விண்ணப்பத்தை அன்றே இணையத்தில் நிரப்பிவிடலாம். முடிந்தால் அவளுடைய அப்பாவும் வரட்டும். இந்தப் பாதைக்கு எத்தனை வருடம் ஆகும் என்பதை அவரும் நேரில் கேட்டுக்கொள்வது நல்லது.