பாஸ் தடுப்பில் லைன்பேக்கருக்கு யார் துணை?

கேள்வி: நாங்கள் நியூ ஜெர்சியில் வசிக்கிறோம். பதினோராம் வகுப்பு படிக்கும் என் மகன் பள்ளியின் அமெரிக்கக் கால்பந்து அணியில் உள் லைன்பேக்கராக, அதாவது தற்காப்பு முன்வரிசைக்குச் சற்றுப் பின்னால் நடுவில் நிற்பவனாக, ஆடுகிறான். எதிரணி பந்தைக் கையில் ஏந்தி ஓடினால் பாய்ந்து மடக்கிவிடுகிறான். பந்தை எறிந்தால் மட்டும் ஏமாந்துபோகிறான். சென்ற மாதம் ஒரே ஆட்டத்தில் எதிரணியின் டைட் எண்ட் (முன்வரிசையின் ஓரத்தில் நின்று, பந்தைப் பிடிக்கவும் ஓடக்கூடியவர்) மூன்று முறை அவன் முதுகுக்குப் பின்னால் போய்ப் பந்தைப் பிடித்தார். தன் கால்களில் வேகம் போதாது என்று அவனே முடிவுகட்டிக்கொண்டு தினமும் மாலையில் ஓடிப் பழகுகிறான். இது உண்மையில் வேகக் குறைவுதானா? லைன்பேக்கர்களுக்குப் பாஸ் தடுப்பில், அதாவது எறிந்த பந்தைப் பிடிக்க விடாமல் காப்பதில், அணிகள் எப்படி உதவுகின்றன? பயிற்சியாளரிடம் என்ன கேட்க வேண்டும்?

பதில்: உங்கள் மகன் ஓடிப் பழகுவது நல்லதுதான், அதை நிறுத்தச் சொல்ல மாட்டேன். ஆனால் மூன்று முறையும் அவருடைய முதுகுக்குப் பின்னால்தான் பந்து பிடிக்கப்பட்டது என்று படித்தவுடன், எனக்குக் கால் வேகத்தின் மீது சந்தேகம் வரவில்லை. பந்து ஆட்டத்துக்கு வந்த முதல் ஒன்றரை நொடியில் அவர் எந்தப் பக்கம் நகர்ந்தார் என்பதில்தான் சந்தேகம் வந்தது. அதைவிட முக்கியமாக, அந்த மூன்று தடவையும் அவருக்குத் துணையாக யார் எங்கே நின்றார்கள், அது அவருக்குத் தெரிந்திருந்ததா என்று கேட்கத் தோன்றியது.

பதினொரு பேர் கொண்ட தற்காப்பில், ஓட்டத்தையும் எறிதலையும் ஒரே நொடியில் சம அளவில் எதிர்பார்த்து நிற்க வேண்டியவர் லைன்பேக்கர். முன்வரிசையில் நிற்பவர்களுக்கு ஓட்டப்பாதையை அடைப்பதும், பந்தை எறியும் குவாட்டர்பேக்கை நெருக்குவதும் முதல் வேலை. ஓரங்களில் நிற்கும் கார்னர்பேக்குகளுக்குப் பந்தைப் பிடிக்க ஓடுபவர்களைக் காப்பது முதல் வேலை. லைன்பேக்கருக்கு அப்படி ஒன்றை முதலாவது என்று பிரித்துச் சொல்ல முடியாது. எதிரணிப் பயிற்சியாளர்கள் இதை நன்றாக அறிந்து வைத்திருப்பவர்கள். ப்ளே ஆக்‌ஷன் என்ற, ஓடுவதுபோலக் காட்டிவிட்டு எறியும் உத்தியையே பாருங்கள். குவாட்டர்பேக் பந்தை, ஏந்தி ஓடுபவரான ரன்னிங் பேக்கின் வயிற்றருகே கொண்டுபோகிறார்; எதிரே முன்வரிசையில் நிற்கும் கார்டு ஓட்டத்துக்கு வழி திறப்பவர்போல முன்னே பாய்கிறார்; உங்கள் மகன் இரண்டு எட்டு முன்வைக்கிறார். அதே நேரத்தில் டைட் எண்ட் அவர் தோளை உரசாத குறையாகக் கடந்து பின்னால் போய்விடுகிறார். முன்வைத்த எட்டுகளை நிறுத்தி, இடுப்பைத் திருப்பி, இழந்த இடத்தை மீட்பதற்குள் பந்து டைட் எண்டின் கைக்குப் போய்விடும். எவ்வளவு வேகமாக ஓடுபவராலும் இந்த இழப்பை ஈடுகட்ட முடியாது. ஆர்.பி.ஓ. என்ற உத்தி இன்னும் கொடியது. அதில் ஓடுவதா எறிவதா என்பதைக் குவாட்டர்பேக் ஒரு லைன்பேக்கரின் அசைவைப் பார்த்த பிறகே முடிவு செய்கிறார். எறிதல் ஆட்டத்தில் எதிரணி முன்வரிசையினர் பந்து வைக்கப்பட்ட கோட்டைத் தாண்டி முன்னேறத் தொழில்முறை லீக்கான என்.எஃப்.எல். 1 யார்டு மட்டுமே இடம் தருகிறது; உங்கள் மாநிலப் பள்ளிகள் பின்பற்றும் விதி 2 யார்டு வரை விடுகிறது. பள்ளி லைன்பேக்கரின் கண்ணுக்கு எறிதலும் ஓட்டம்போலவே தெரிவதில் வியப்பில்லை.

ஆகவே முதல் உதவி அவருக்குப் பின்னாலிருந்து அல்ல, முன்னாலிருந்து வர வேண்டும். நடு முன்வரிசைக்காரர்கள் கார்டுகளைப் பிடித்து நிறுத்தினால், லைன்பேக்கர் ஓட்டத்துக்கு அரை நொடி தாமதமாக வந்தாலும் குடிமுழுகிப் போகாது. சில அணிகள் ஓட்டப்பாதைகளில் ஒன்றை அடைக்கும் பொறுப்பை, பின்களத்தின் ஆழத்தில் நிற்கும் சேஃப்டியிடம் ஒப்படைத்து, எறிதல் வரக்கூடிய பக்கத்து லைன்பேக்கரை அந்தக் கடமையிலிருந்து விடுவிக்கின்றன. என் கணிப்பில், இளம் லைன்பேக்கருக்குச் செய்யக்கூடிய உதவிகளில் இதுவே பெரியது. "சந்தேகம் வந்தால் நீ பின்னால் போ, ஓட்டத்தை வேறொருவர் பார்த்துக்கொள்வார்" என்று ஒருவர் அவரிடம் முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும். அது சொல்லப்படாத அணியில் லைன்பேக்கர் இரண்டுக்கும் நடுவே உறைந்து நிற்பார்.

இரண்டாவது உதவி நேரம். நான்கு பேரே குவாட்டர்பேக்கை நெருக்கிவிட முடிந்தால், மீதி ஏழு பேர் பாஸ் தடுப்புக்குக் கிடைக்கிறார்கள். எறிபவருக்கும் மூன்றாவது நொடி கிடைப்பதில்லை. நெருக்கடியே இல்லாமல் நான்கு நொடி நின்று எறிகிற குவாட்டர்பேக்குக்கு முன்னால் எந்த லைன்பேக்கரும் தோற்பார். அந்தத் தோல்வியை அவர் கணக்கில் எழுதுவது நியாயமல்ல.

மூன்றாவது, டைட் எண்டைப் புறப்படும்போதே தடுமாறச் செய்வது. தற்காப்பு முன்வரிசையின் ஓரத்தில் நிற்கும் எண்ட், குவாட்டர்பேக்கை நோக்கிப் பாய்வதற்கு முன் டைட் எண்டின் தோளில் இரு கையும் வைத்து ஓர் அழுத்து அழுத்திவிட்டுப் போனால், அவருடைய பாதையும் குவாட்டர்பேக் மனத்தில் வைத்திருக்கும் நேரக்கணக்கும் சேர்ந்து கலைகின்றன. என்.எஃப்.எல். 1978-இல் கொண்டுவந்த விதிப்படி, கோட்டிலிருந்து 5 யார்டுக்கு அப்பால் இப்படித் தொடக்கூடாது. பள்ளி விதியில் அந்த 5 யார்டு எல்லை இல்லை. பந்து காற்றில் செல்லாதவரை, எதிரே வருபவர் தன்னைத் தடுக்கக்கூடிய நிலையில் இருக்கும்வரை தற்காப்பு வீரர் அவரைக் கையால் தள்ளலாம். உங்கள் மகனின் அணி இந்தச் சலுகையைப் பயன்படுத்துகிறதா என்று கேளுங்கள்.

இனி இந்தப் பதிலின் உயிரான பகுதிக்கு வருகிறேன். பாஸ் தடுப்பில், பந்தைப் பிடிக்க ஓடுபவரின் இரண்டு பக்கத்தையும் லைன்பேக்கர் காக்க வேண்டியதில்லை. ஒரு பக்கத்தைத்தான் காக்க வேண்டும். மறுபக்கத்தை வேறொருவர் காக்கிறார். கவர் 1 என்ற அமைப்பில் ஒரு சேஃப்டி ஆழத்தில் நடுவே நிற்பார்; பல சமயம் இன்னொருவர் அவருக்கு முன்னால், களத்தின் நடுவில் பதுங்கியிருப்பார். அப்போது டைட் எண்டை ஒற்றைக்கு ஒற்றையாகக் காக்கும் லைன்பேக்கர் அவருக்கு வெளிப்பக்கமாக நின்று, வெளியே போகும் வழியை அடைத்து, அவரை உள்ளே, துணை இருக்கும் இடத்துக்குத் தள்ள வேண்டும். துணை வெளிப்பக்கம் இருந்தால் அவர் உள்பக்கம் நிற்க வேண்டும். துணை எங்கே என்று தெரியாதவர் நேர் எதிரே நிற்பார். நேர் எதிரே நிற்பவரை இரு பக்கமும் ஏமாற்றலாம். முதுகுக்குப் பின்னால் மூன்று முறை பந்து பிடிக்கப்பட்டதன் காரணம் பெரும்பாலும் இங்கேதான் இருக்கும்.

துணை இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு 2015 பிப்ரவரி 1 அன்று அரிசோனாவின் கிளெண்டேலில் நடந்த, என்.எஃப்.எல். இறுதிப் போட்டியான சூப்பர் பௌலைப் பாருங்கள். இரண்டாம் கால்பகுதியின் கடைசி நிமிடம். நியூ இங்கிலாந்தின் டைட் எண்ட் ராப் கிரான்கவ்ஸ்கி தன் வழக்கமான இடத்தை விட்டு, வலப்புறம் களத்தின் ஓரமாகத் தனியே போய் நின்றார். அவருக்கு எதிரே சியாட்டிலின் லைன்பேக்கர் கே.ஜே. ரைட் போய் நிற்க வேண்டியதாயிற்று. குவாட்டர்பேக் டாம் பிரேடி அதைப் பார்த்தார். கிரான்கவ்ஸ்கி நேராக ஓடினார். 22 யார்டு எறிதல், புள்ளிகள் தரும் டச் டவுன். அந்த ஆண்டு சியாட்டிலின் தற்காப்பு நாட்டிலேயே மிக வலுவானவற்றில் ஒன்று; ரைட்டும் திறமையானவர். ஆனால் நடுவில் இருந்த சேஃப்டி அந்த ஓரத்துக்கு ஓடி வந்து சேர முடியாது. முன்வரிசைக்காரர் எவரும் கிரான்கவ்ஸ்கியின் தோளில் கை வைக்க முடியாத தூரம் அது. சற்று முன்பு சொன்ன உதவிகள் அனைத்தும் ஒரே நகர்வில் பறிக்கப்பட்டுவிட்டன. இந்த ஒரு காட்சியை உங்கள் மகனுக்குக் காட்டுங்கள்.

ஆளுக்கு ஆள் காக்காமல் இடத்தைக் காக்கும் சோன் அமைப்பில் உதவியின் வடிவம் மாறுகிறது. லைன்பேக்கர் குவாட்டர்பேக்கின் கண்களைப் பார்த்தபடி பின்வாங்கலாம். தன் எல்லையைத் தாண்டிப் போகிறவரை அடுத்தவரிடம் ஒப்படைக்கலாம். பயிற்சியாளர்கள் டோனி டஞ்சியும் மான்டி கிஃபினும் 1996 முதல் டாம்பா பே அணியில் வளர்த்தெடுத்த, டாம்பா 2 என்று பெயர் பெற்ற அமைப்பில், நடு லைன்பேக்கர் இரண்டு சேஃப்டிகளுக்கு இடையே உள்ள ஆழமான வெளிவரை ஓட வேண்டும். கேட்கும்போது இது உதவியாகவே தோன்றாது. ஆனால் கார்னர்பேக்குகள் ஓரத்தில் நிற்பவர்களைத் தொடக்கத்திலேயே தள்ளித் தாமதப்படுத்துகிறார்கள். வலமும் இடமும் ஒவ்வொரு சேஃப்டி இருக்கிறார். நடு லைன்பேக்கரின் பொறுப்பு அவ்விருவருக்கும் இடையே உள்ள சந்து மட்டுமே. சிகாகோவில் இதே வேலையைப் பல ஆண்டுகள் செய்த பிரையன் எர்லாக்கர் கல்லூரியில் சேஃப்டியாக ஆடியவர் என்பதை மறந்துவிடக்கூடாது. ஆளுக்கேற்ற வேலையைக் கொடுப்பதும் உதவிதான். எல்லா லைன்பேக்கருக்கும் இந்த வேலையைக் கொடுக்கக்கூடாது.

பள்ளிக் களத்தில் சோன் ஆடுபவர்கள் ஒரு கணக்கை மனத்தில் வைத்திருக்க வேண்டும். களத்தின் அகலம் 160 அடி. பள்ளிக் களங்களில் பந்து வைக்கப்படும் இரண்டு உட்கோடுகளுக்கும் இடையே 53 அடி 4 அங்குலம் இருப்பதால், களம் சரியாக மூன்று பங்காகப் பிரிகிறது, என்.எஃப்.எல். களத்தில் அந்த இடைவெளி 18 அடி 6 அங்குலம்தான். பள்ளி ஆட்டத்தில் பந்து ஒரு கோட்டில் வைக்கப்பட்டால், ஒரு பக்கம் 53 அடியும் மறுபக்கம் ஏறக்குறைய 107 அடியும் திறந்து கிடக்கும். அகலமான பக்கத்தில் நிற்கும் லைன்பேக்கர் தொலைக்காட்சியில் பார்க்கும் லைன்பேக்கரைவிட மிகப் பெரிய வெளியைக் காக்கிறார். விவரமறிந்த பயிற்சியாளர்கள் கூடுதல் சேஃப்டியை அந்தப் பக்கம் சாய்த்து நிறுத்துவார்கள். குறுகிய பக்கத்துக்குக் களத்தின் எல்லைக்கோடே ஒரு துணைதான்.

ரன்னிங் பேக் பின்னாலிருந்து நழுவி வந்து பந்தைப் பிடிக்கும் ஆட்டங்கள் தனிச் சிக்கல். 2017 பிப்ரவரியில் நடந்த சூப்பர் பௌலில் நியூ இங்கிலாந்தின் ஜேம்ஸ் ஒயிட் 14 முறை பந்தைப் பிடித்து 110 யார்டு சேர்த்தார். ஓய்ந்துபோன அட்லாண்டா லைன்பேக்கர்களால் அவரை அடக்க முடியவில்லை. இதற்கு இரண்டு எளிய உதவிகள் உண்டு. ஒன்று, வெளிப்பக்கமாகப் பாய்ந்துவரும் எண்ட், தன் பக்கம் ரன்னிங் பேக் நழுவிப் போவதைக் கண்டால் பாய்ச்சலைக் கைவிட்டு அவரைத் தொடர்வது. மற்றொன்று, உள் லைன்பேக்கர்கள் இருவரும் ரன்னிங் பேக்கை யார் காப்பது என்று முன்கூட்டியே பிரித்துக்கொள்ளாமல், அவர் எந்தப் பக்கம் போகிறாரோ அந்தப் பக்கத்தவர் எடுத்துக்கொள்வது. மற்றவர் உடனே விடுபட்டு நடுவில் குறுக்கே வருபவர்களுக்குக் காவல் நிற்கலாம். இந்த இரண்டாவது முறை பள்ளி அணிகளுக்கு மிகப் பொருத்தமானது. இருவரும் வாய்விட்டுப் பேசிக்கொண்டால் போதும்.

எறிபவரை ஏமாற்றுவதும் லைன்பேக்கருக்கு உதவியே. பயிற்சியாளர் டிக் லபோ புகழ்பெறச் செய்த சோன் பிளிட்ஸில், பாய்வார் என்று எதிர்பார்க்கப்படுபவர் பின்வாங்குவார். பின்வாங்குவார் என்று எதிர்பார்க்கப்படுபவர் பாய்வார். லபோவின் பிட்ஸ்பர்க் அணியில் ஆடிய லைன்பேக்கர் ஜேம்ஸ் ஹாரிசன், 2009 பிப்ரவரி 1 அன்று நடந்த சூப்பர் பௌலின் முதல் பாதி முடியும் தறுவாயில், பாய்வதுபோலக் காட்டிவிட்டுப் பின்வாங்கி, கர்ட் வார்னர் எறிந்த பந்தைத் தன் அணியின் கோல் கோட்டுக்கு அருகே பறித்து 100 யார்டு ஓடி டச் டவுன் செய்தார். ஒருவரைத் துரத்திப் பிடித்ததால் கிடைத்த பந்தல்ல அது. எறிபவர் எதிர்பாராத இடத்தில் நின்றதால் கிடைத்தது.

எதிரணி எறியத்தான் போகிறது என்று தெரிந்த நேரத்தில், ஒரு லைன்பேக்கரை வெளியே எடுத்து ஐந்தாவது பின்கள வீரரை இறக்குவதை நிக்கல் என்கிறார்கள். இன்று என்.எஃப்.எல்.-இல் அதுவே அன்றாட அமைப்பாகிவிட்டது. எதிரணி பெரும்பாலும் எறியும் மூன்றாவது முயற்சியில் உங்கள் மகனை வெளியே உட்கார வைத்தால் அதை அவமானமாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று சொல்லுங்கள்.

பயிற்சியாளரிடம் பேசும்போது "என் மகன் ஏன் ஏமாறுகிறான்" என்று தொடங்காதீர்கள். அந்த மூன்று எறிதல்களின் காணொளியை அவரோடு உட்கார்ந்து பார்க்க, மகனே நேரம் கேட்கட்டும். ஒவ்வொன்றிலும் ஓட்டப்பாதை தன் பொறுப்பில் இருந்ததா, டைட் எண்டை யாராவது தள்ளியிருக்க வேண்டுமா, சேஃப்டி எந்தப் பக்கம் துணை நின்றார், போகிறவரை ஒப்படைக்கும் எல்லை எத்தனை யார்டு என்று அவர் கேட்கட்டும். நல்ல பயிற்சியாளர் இந்தக் கேள்விகளை விரும்புவார். சில சமயம் பிழை சேஃப்டியுடையது என்றும் தெரியவரும். அப்போது அந்தச் சேஃப்டியையும் உடன் உட்கார வைப்பது நல்லது.

வீட்டில் நீங்களும் உதவலாம். அவருடைய ஆட்டக் காணொளியை, பந்து ஆட்டத்துக்கு வருவதற்குச் சற்று முன் நிறுத்துங்கள். திரையில் தன் துணை நிற்கும் இடத்தில் அவர் விரலை வைக்கட்டும், பிறகு தான் எந்தப் பக்கம் நிற்க வேண்டும் என்று சொல்லட்டும், அதன்பின் ஓடவிடுங்கள். ஒரு நாளைக்குப் பதினைந்து காட்சி போதும். திரையில் பிழையின்றிச் சொல்லத் தொடங்கிய பிறகு, களத்திலும் பந்து ஆட்டத்துக்கு வருவதற்கு முன் "துணை உள்ளே" அல்லது "துணை வெளியே" என்று பக்கத்தில் நிற்பவருக்குக் கேட்கும்படி அவர் சொல்லிப் பழகட்டும்.