நன்கொடை வேண்டாம், கட்டணம் வேண்டும்

கேள்வி: அமெரிக்காவில் போர்ட்லண்ட் என்ற நகரம் பெரிய நிறுவனங்களிடம் கட்டணம் வாங்கிக் காலநிலைப் பணிகளைச் செய்கிறதாம். நம் குமரி மாவட்டத்தில் அப்படி வாங்கினால் அதை விலையில் ஏற்றி நம் தலையில்தானே கட்டுவார்கள்? நிறுவனங்கள் தாமாகவே சி.எஸ்.ஆர். என்ற சமூகப் பொறுப்பு நிதி தருகின்றனவே, அது போதாதா?
– வாசகர், சுருளகோடு

பதில்: போதாது. தாமாகவே தருகின்றன என்பதும் சரியல்ல. குறிப்பிட்ட அளவுக்கு மேல் லாபம் ஈட்டும் நிறுவனம் தன் மூன்றாண்டுச் சராசரி நிகர லாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்பது 2013ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டத்தின் 135ஆவது பிரிவு. ஆனால் எந்த ஊருக்கு, எந்த வேலைக்கு என்பதை நிறுவனத்தின் இயக்குநர்களே முடிவு செய்கிறார்கள். ஒரு பள்ளிச் சுவருக்கு வர்ணம் அடித்துப் பெயர்ப்பலகை மாட்டிவிட்டுப் போனாலும் கணக்கு நேராகிவிடும். வள்ளவிளையிலும் நீரோடியிலும் கடல் அரித்த கரைக்கு ஏன் தரவில்லை என்று அவர்களைக் கேட்க நமக்கு உரிமை கிடையாது. கட்டணம் என்றால் கேட்கலாம்.

போர்ட்லண்டில் நடந்ததைச் சற்று விவரமாகச் சொல்ல வேண்டும். 2018 நவம்பரில் அந்நகர மக்கள் வாக்களித்து அந்தக் கட்டணத்தைக் கொண்டுவந்தார்கள். ஏறத்தாழ 65 விழுக்காட்டினர் ஆதரித்தார்கள். நாடு முழுவதும் ஆண்டுக்கு 100 கோடி டாலருக்கு மேலும், அந்நகருக்குள் 5 லட்சம் டாலருக்கு மேலும் விற்கும் சில்லறை வணிக நிறுவனங்கள், நகரத்துக்குள் நடக்கும் விற்பனையில் 1 விழுக்காடு செலுத்த வேண்டும். மளிகைப் பொருள்களுக்கும் மருந்துக்கும் விலக்கு உண்டு. தெருமுனைக் கடைக்காரர் இதில் வரவே மாட்டார். அப்படியிருக்கப் பெரிய கடை விலையை ஏற்றினால் வாடிக்கையாளர் பக்கத்துக் கடைக்குப் போவார். சுமை முழுவதும் ஏழையின் தலையில் விழாதபடிதான் அந்த விதியை எழுதியிருக்கிறார்கள். 2021 ஜூனில் அந்நகரில் வெயில் 46 டிகிரி செல்சியஸைத் தாண்டிப் பலர் இறந்தபோது, ஏழை வீடுகளுக்குக் குளிரூட்டும் கருவிகளைப் பொருத்தும் திட்டத்தை இந்த நிதியிலிருந்தே தொடங்கினார்கள்.

யார் தலையில் விழும் என்று கேட்கிறீர்கள். இப்போது அது யார் தலையில் கிடக்கிறது? 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் வந்தபோது ஆழ்கடலில் இருந்தவர்களுக்கு எச்சரிக்கை போய்ச் சேரவில்லை. இறந்தவர்களின் குடும்பங்கள் அந்த விலையைக் கொடுத்தன. அதே புயலில் சாய்ந்த ரப்பர் மரங்களுக்கும் வாழைக்கும் விவசாயி கொடுத்தார். மழை விடாத நாள்களில் ரப்பர் பால்வெட்டு நின்றுபோகிறது; கூலியை இழக்கிறவர் தொழிலாளி. 2021 நவம்பர் வெள்ளத்தில் குளமும் சானல் என்கிற பாசனக் கால்வாயும் உடைத்துக்கொண்டு வயலுக்குள் பாய்ந்தன. உங்கள் ஊர்ப் பக்கம் இதையெல்லாம் நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. காலநிலைக் கட்டணம் நம்மிடம் ஏற்கெனவே வசூலாகிக்கொண்டிருக்கிறது, ரசீது இல்லாமல்.

ஆனால் வாங்குவதைவிட, வாங்கிய பணத்தை எங்கே வைப்பது என்பதில்தான் என் கவலை. நிலக்கரிக்கு நம் நாட்டில் 2010ஆம் ஆண்டே டன்னுக்கு 50 ரூபாய் தூய எரிசக்தி மேல்வரி விதித்தார்கள். 2016இல் அது 400 ரூபாயானது. நல்ல திட்டம். 2017இல் ஜி.எஸ்.டி. வந்ததும் அந்த வரி, மாநிலங்களின் வருவாய் இழப்பை ஈடுகட்டும் வரியாக மாற்றப்பட்டது. தூய எரிசக்திக்கென்று தொடங்கிய பணம் வேறு பள்ளத்தை நிரப்பப் போய்விட்டது. போர்ட்லண்டிலும் எதிர்பார்த்ததைவிட அதிகமாக வசூலானதும் நகராட்சியின் மற்றத் துறைகள் அந்தப் பணத்தில் பங்கு கேட்டன. பொதுக் கருவூலத்தில் கலந்துவிட்டால் மீட்பது கடினம்.

நாகர்கோவில் மாநகராட்சி விற்பனைமீது தனியாக வரி போட முடியாது, ஜி.எஸ்.டி. அந்தக் கதவை அடைத்துவிட்டது. ஆனால் கனிமம் இருக்கும் நிலத்தின்மீது வரி விதிக்க மாநிலத்துக்கு அதிகாரம் உண்டு என்று 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்தது. தமிழக அரசும் அதற்கு ஒரு சட்டம் இயற்றி 2025 ஏப்ரலில் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. நம் மலைகளை உடைத்து டாரஸ் லாரிகளில் ஏற்றிக் கேரளத்துக்கு அனுப்புகிற மாவட்டத்தில் இதைவிடப் பொருத்தமான வருவாய் ஏது? மலை போனால் ஓடை போகும், ஓடை போனால் குளம் போகும். உடைக்கிறவர் கொடுக்கும் பணத்தில் ஒரு பங்கு இங்கேயே இருக்க வேண்டும் என்று கேட்பது நியாயம்.

வைக்க இடமும் இருக்கிறது. மாவட்ட ஆட்சியர் தலைமையில் காலநிலை மாற்ற இயக்கம் மாவட்டந்தோறும் அமைக்கப்பட்டுள்ளது. வேறு எதற்கும் எடுக்க முடியாதபடி அதற்கென்றே சட்டத்தால் ஒதுக்கிய நிதிதான் வேண்டும். செலவைத் தீர்மானிக்கும் இடத்தில் மீனவரும் பால்வெட்டுத் தொழிலாளியும் பாசன சபைக்காரரும் உட்கார வேண்டும். இல்லாவிட்டால் ஒரு கிராமத்துக்குத் தூண்டில் வளைவு என்கிற கல் தடுப்பைக் கடலுக்குள் போட்டு, பக்கத்துக் கிராமத்தின் மணலைக் கடலுக்குக் கொடுக்கும் வேலையே மறுபடியும் நடக்கும்.

உங்கள் ஊராட்சியில் நவம்பர் 1 அன்று கிராம சபை கூடும். கனிம நில வரியில் குமரி மாவட்டத்தில் வசூலாவது எவ்வளவு, அதில் மாவட்டத்துக்குத் திரும்பி வருவது எவ்வளவு என்ற இரண்டு கேள்விகளையும் தீர்மானமாக எழுதி நிறைவேற்றுங்கள். ஆட்சியர் அலுவலகத்திலிருந்து வரும் பதிலை எங்களுக்கு அனுப்புங்கள், அப்படியே வெளியிடுகிறோம்.