‘ஸ்பீச்’சுக்குள் பேச்சு இருக்கிறதா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

என் மகள் பேச்சுப்போட்டியில் தமிழின் தொன்மையைப் பற்றிப் பேசப்போகிறாள். ‘பேச்சு’க்கு முன்னால் ஒரு ‘ஸ்’ சேர்த்தால் ‘ஸ்பீச்’, ‘எட்டு’தான் ‘எய்ட்’, ‘காசு’தான் ‘கேஷ்’ என்று வாட்ஸப்பில் வந்த பட்டியலை எழுதிக்கொடுத்தேன். அவளுடைய தமிழாசிரியை முழுக்க அடித்துவிட்டார். ஒலி, பொருள் இரண்டும் இப்படி ஒத்துப்போவது எப்படித் தற்செயலாகும்?

வ.

அன்புள்ள வ.,

முதலில் அந்த ஆசிரியைக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

‘ஸ்பீச்’சின் பழைய ஆங்கில வடிவம் ‘ஸ்ப்ரேச்’. நடுவில் இருந்த ரகரத்தை ஆங்கிலம் தொலைத்துவிட்டது. ஜெர்மன் மொழி ‘ஷ்ப்ராஹெ’ என்று இன்றும் வைத்திருக்கிறது. கடைசியில் வரும் ‘ச்’சும் பிறவிச் சகரம் இல்லை, ககரம் திரிந்தது. ‘ஸ்பீக்’ என்ற வினையில் அந்தக் ககரத்தைக் காணலாம். நம் பக்கம் பாருங்கள்: பேசு–பேச்சு, வீசு–வீச்சு, ஏசு–ஏச்சு. வினையின் சகரம் இரட்டித்துப் பெயராகிறது, அவ்வளவுதான். உறவு மெய்யானால் காலத்தில் பின்னோக்கிப் போகப் போக இரண்டும் நெருங்கிவர வேண்டும். இவை விலகிப் போகின்றன.

‘எட்டு’ இன்னும் சுவையானது. எண்பது, எண்ணூறு, எண்சாண் உடம்பு என்கிறோமே, அந்த ‘எண்’தான் வேர். கன்னடம் ‘எண்டு’ என்கிறது, தெலுங்கு ‘எனிமிதி’ என்கிறது. தமிழிலும் மலையாளத்திலும் ணகரம் மறைந்து டகரம் இரட்டித்தது. ‘எய்ட்’டுக்கு லத்தீனில் ‘ஒக்டோ’, வடமொழியில் ‘அஷ்ட’, ஜெர்மனில் ‘அஹ்ட்’. அங்கே தேய்ந்தது நடுவில் இருந்த ககர ஒலி. ஆங்கில எழுத்துக்கூட்டலில் அதன் சுவடு ஒலிக்காமல் கிடக்கிறது. ஒன்று ணகரத்தை இழந்தும் மற்றது ககரத்தை இழந்தும் இன்று ஒரே மாதிரி ஒலிக்கின்றன. ஆயிரம் ஆண்டுக்கு முன்னால் யாரும் இந்தப் பட்டியலைப் போட்டிருக்க முடியாது.

தற்செயல் அவ்வளவு தூரம் போகுமா என்று கேட்கிறீர்கள். ஆஸ்திரேலியப் பழங்குடி மொழியான ம்பாபரத்தில் நாய்க்குப் பெயர் ‘டாக்’. ஆங்கிலத்திடம் வாங்கியது அல்ல. ‘குடக’ என்ற பழைய வடிவம் அந்த மொழியின் ஒலிமாற்றங்களால் அப்படிக் குறுகியது. மொழிக்குப் பல்லாயிரம் சொற்கள். எந்த இரண்டு மொழியை எடுத்தாலும் இப்படிச் சில சிக்கும். போதாக்குறைக்கு முன்னால் ஒரு ‘ஸ்’ சேர்த்துக்கொள்ள அனுமதியும் கொடுத்துவிட்டால் கேட்கவே வேண்டாம்.

‘காசு’ விஷயத்தில் பட்டியல்காரர் ஒரு நல்ல செய்தியைக் கைநழுவ விட்டிருக்கிறார். ஆங்கிலத்தில் ‘கேஷ்’ இரண்டு உண்டு. ரொக்கம் என்று பொருள்படும் ‘கேஷ்’, பணப்பெட்டியைக் குறிக்கும் பிரெஞ்சு, இத்தாலியச் சொற்கள் வழியாக வந்தது, மூலம் லத்தீன். சின்னச் செப்புக்காசைக் குறிக்கும் ‘கேஷ்’தான் நம் காசு, போர்ச்சுக்கீசியர் வாய்வழியே போனது. நடுவில் சதுர ஓட்டை போட்ட பழைய சீன நாணயத்துக்கு ஆங்கிலத்தில் அதுதான் பெயர். தமிழ்ச்சொல் சீன நாணயத்தின் மேல் ஏறி உட்கார்ந்திருப்பது உங்கள் பட்டியலில் உள்ள எதைவிடவும் பெரிய சங்கதி, வணிகர்களின் தடம் பின்னால் இருப்பதால்.

தொல்காப்பியம் ‘மொழிப்பொருட் காரணம் விழிப்பத் தோன்றா’ என்கிறது. ஒரு சொல்லுக்கு அந்தப் பொருள் வந்ததற்குக் காரணமே இல்லை என்று சொல்லவில்லை, பார்த்தவுடன் தெரியாது என்கிறது. சேனாவரையர் உரையும் இந்த வேறுபாட்டைத்தான் சுட்டுகிறது. தமிழின் தொன்மை பேசுகிறவர்கள் இந்த நூற்பாவை ஏன் மேடையில் சொல்வதில்லை என்று எனக்கு எப்போதும் வியப்பு.

மகளுக்கு இரண்டு சொற்கள் போதும். ‘கட்டமரான்’ நம் கட்டுமரம், அதில் ஐயமில்லை. ஓட்டைக் காசு இன்னொன்று. மேலும் வேண்டுமென்றால் பரோவும் எமனோவும் தொகுத்த திராவிடச் சொற்பிறப்பு அகராதியைப் புரட்டச் சொல்லுங்கள். 1984இல் வந்த இரண்டாம் பதிப்பு இணையத்திலேயே கிடைக்கிறது. ஒரு தமிழ்ச்சொல்லுக்குத் துளுவிலும் கோண்டியிலும் உறவு இருப்பதைப் பார்த்தால் ஆங்கிலத்தின் பக்கமே திரும்ப மாட்டாள்.